பதினான்கு கிலோமீட்டர் வண்டி

வீடு
9.6.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்களுக்கும் சித்திக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது, அப்பாவின் பிடிவாதம் அதைவிட அப்படியே இருக்கிறது. போனில் நான் எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் ஏறாது. வீடியோ காலில் உங்கள் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியாது. முப்பது வருஷம் கப்பல் இன்ஜின் ரூமில் இருந்தவருக்குக் கடிதம்தான் சரிப்படும். அதுவும் போக, கடிதங்களைக் காப்பாற்றுவது இனி என் உத்தியோகம்.

ஆமாம், வேலை கிடைத்துவிட்டது. நம் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் தபால் பட்டுவாடா இனி நான்தான். பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்குக்கு இத்தனை வருஷம் கழித்து மரியாதை வந்திருக்கிறது. காலனியிலிருந்து அந்த ஆபீசுக்கு வேலைக்குப் போகும் முதல் ஆள் நான் என்று அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லி முடித்துவிட்டாள். அப்பா அதற்கெல்லாம் போகவில்லை. ஆனால் ஆர்டர் காகிதத்தை ஐயம்பேட்டைக்கு எடுத்துப் போய் மூன்று ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது விஷயம். மூன்று கிராமம், ஒரு நாளைக்குப் பதினொரு கிலோமீட்டர் நான் சுற்ற வேண்டும். வண்டி இல்லாமல் நடக்காது. வண்டியோ நம் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையிலேயே நிற்கிறது. தொண்ணூற்றிரண்டில், மின்வாரியத்தில் வேலை கிடைத்ததும் அப்பா காஞ்சிபுரத்தில் வாங்கிய ஸ்கூட்டர். நம் காலனிக்குள் வந்த முதல் மோட்டார் வண்டி. நான் பிறந்ததிலிருந்து அது தார்ப்பாய்க்குள்தான் இருக்கிறது. ஆயுத பூஜை வந்தால் திறந்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டுத் திரும்ப மூடிவிடுவார்.

கேட்டால், "அது இன்ஜின் போச்சுமா. ஆவாது, உடு" என்கிறார். புது வண்டி வாங்கித் தருகிறாராம். வீட்டில் வண்டியை வைத்துக்கொண்டு இன்னொன்று எதற்கு? எனக்கு இந்த வண்டி ஓட வேண்டும். போன மாதம் ரிட்டையர் ஆகி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷன் ஒரு தடவையாவது அதில் ஏறிப் போவதை நான் பார்க்க வேண்டும். "ஓடினாலும் நான் ஏற மாட்டேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார். நானும் அவர் பெண்தான், விடுவேனா.

எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதுங்கள். இன்ஜினுக்கு என்னதான் ஆயிற்று என்றும் எழுதுங்கள். வண்டி எடுத்த அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர் நீங்கள்தானாமே.

உங்கள் அண்ணன் மகள்,
அரசாங்கப் பையோடு,
ஜோதிகா


அந்தமான்
24.6.2024

என் மகள் ஜோதிகாவுக்கு,

சித்தப்பா கலியன். நாங்கள் சுகம், சித்திக்கு மட்டும் கொஞ்சம் சளி. எனக்குக் காது போனதைத் தவிர மற்ற எல்லாப் பாகமும் வேலை செய்கிறது. உன் வேலைச் செய்தியைச் சித்திக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மறுநாள் படகுத்துறையில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவனிடமெல்லாம் "எங்க ஊருக்கு எங்க பொண்ணுதான் தபால்" என்றேன். அண்ணன் மூன்று ஜெராக்ஸ் போட்டதில் ஒன்றை எனக்கு அனுப்பு.

வண்டி விஷயம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கிக்கரில் காலை வைக்காதே. இத்தனை வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உதைத்தால் உடைத்துவிடுவாய். பிளக்கைக் கழற்று. அந்தத் துளையில் பாதி டீசல் பாதி ஆயில் கலந்து கால் டம்ளர் ஊற்றி, பத்து நாள் அப்படியே விடு. தினமும் போய் உலுக்கிப் பார்க்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். பதினோராம் நாள் பின் சக்கரத்தைத் தூக்கி, கியரில் போட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார். அசைந்தால் எனக்கு எழுது.

டேங்கில் இருப்பதைக் கீழே வடித்துவிடு. அது பெட்ரோலாக இருக்காது, வார்னிஷாக இருக்கும். கார்ப்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடு. அதில் ஊசிக் கண் மாதிரி சின்ன ஓட்டைகள் இருக்கும். எல்லாவற்றின் வழியாகவும் வெளிச்சம் தெரியும்வரை விடாதே.

இன்ஜினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பழைய கதை. அண்ணன் போச்சு என்றால் போச்சுதான். வண்டியைப் பார்.

அண்ணனையும் அண்ணியையும் விசாரித்ததாகச் சொல்.
கலியன்


வீடு
20.7.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எனக்கு நானே பட்டுவாடா செய்துகொண்டேன். சித்தியின் சளி விட்டதா? அம்மாவுக்கு முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதே எண்ணெயை வண்டிக்கும் போட்டுவிடுவேன் என்று பயப்படுகிறாள்.

நான் தினமும் உலுக்கிப் பார்க்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் பார்த்தேன். பதினோராம் நாள் சக்கரத்தைச் சுற்றினேன், அசையவில்லை. பதினாறாம் நாள் ஒரு சின்ன முனகலோடு நகர்ந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வடிவு அத்தை பாம்பு என்று நினைத்துக் கொம்போடு ஓடிவந்தாள்.

ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக் கூடு. கூடென்றால் சாதாரணக் கூடு இல்லை, அத்தனையும் பட்டு. அம்மா ஐயம்பேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள் அல்லவா, கழிவு நூலையெல்லாம் எலி அள்ளிப் போயிருக்கிறது. மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், எல்லாம் இருந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நானே இதுல ஒரு புடவை கட்டுனதில்ல, எலி குடித்தனமே பண்ணிக்கினு இருந்திருக்குது" என்றாள்.

வேலையைப் பற்றியும் சொல்கிறேன், இப்போதைக்குச் சைக்கிளில்தான் சுற்றுகிறேன். முதல் வாரம் ஊர்த்தெருவில் ஒரு வீட்டில், "அங்கயே வைச்சிட்டுப் போம்மா" என்று தூணைக் காட்டினார்கள். ரிஜிஸ்டர் தபால். "வைக்க முடியாதுங்க, கையெழுத்து வேணும். பேனா என்கிட்டதான் இருக்குது" என்று நீட்டினேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார்கள். பிறகு வாங்கித்தான் போட்டார்கள். நானும் அவசரப்படாமல் நின்றேன். சொல்லப்போனால் அந்தத் தெருவில் நான் எங்கேயுமே அவசரப்படுவதில்லை.

இப்போது ஒரு கேள்வி. வண்டியின் மீட்டரைத் துடைத்துப் பார்த்தேன். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர்தான் காட்டுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து நம் வீடு பதினான்கு கிலோமீட்டர். பதினான்கு கிலோமீட்டரில் எந்த இன்ஜின் சித்தப்பா போகும்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜோதிகா


அந்தமான்
6.8.2024

மகளுக்கு,

நலம். சித்திக்குச் சளி விட்டது. இங்கே மழை.

மீட்டரை நம்பாதே. கேபிள் அறுந்திருக்கும்.

பிஸ்டன் நகர்ந்தது நல்லது. இனி பிளாட்டினா பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய். பிளக் புதிது போடு. பிளக்கை இன்ஜின் உடம்பில் வைத்து மெதுவாகக் கிக்கரை அழுத்தினால் நீலப் பொறி வர வேண்டும். மஞ்சளாக வந்தால் கண்டன்சர் மாற்று. கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும், கிளட்சைப் பிடித்துக்கொண்டு கியரில் முன்னும் பின்னும் ஆட்டு. டயர், டியூப் எல்லாம் புதிது. புது பெட்ரோல் ஒரு லிட்டர் போட்டுப் பார். வேறொன்றும் இல்லை.

பேனா விஷயத்தைச் சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கலியன்


வீடு
1.9.2024
(ஒப்புகை அட்டையுடன் ரிஜிஸ்டர் தபால்)

சித்தப்பாவுக்கு,

எல்லோரும் நலம். வண்டி மட்டும் நலமில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

நீங்கள் சொன்னபடியே ஒன்றுவிடாமல் செய்தேன். நீலப் பொறி வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை இருபதாவது உதையில் வண்டி எழுந்துவிட்டது. கொட்டகை முழுக்கப் புகை. காலனிப் பிள்ளைகளெல்லாம் வேலி ஏறி நின்று கைதட்டினார்கள். அப்பா பாதிச் சவரத்தில், முகத்தில் நுரையோடு வெளியே வந்தார். வந்தவர் வண்டியைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். சித்தப்பா, அந்த முகத்தை நான் இருபத்தேழு வருஷத்தில் பார்த்ததில்லை.

நாலு நிமிஷம்தான். சத்தம் இறுகிக்கொண்டே போய், பிஸ்டன் திரும்ப ஒட்டிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. சக்கரம் நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா கிட்டே வந்து டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "ஆயில் கலக்கலியா? லிட்டருக்கு இருபது மில்லி ஊத்தணும்மா. இது டூ ஸ்ட்ரோக்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முப்பத்திரண்டு வருஷம் தொடாத வண்டிக்கு எத்தனை மில்லி என்று அவருக்கு நினைவிருக்கிறது. வாழ்நாள் முழுக்க இன்ஜினோடு இருந்த உங்களுக்கு எழுத மறந்துவிட்டது. அது எப்படி?

மீட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. பழைய டயரைக் கழற்றும்போது பார்த்தேன், புது டயரின் ஓரத்தில் மயிர் மயிராக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூடத் தேயவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் அப்பாதுரை அண்ணன் சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஓடாத வண்டிமா. உன் தப்புல உயுந்த கீறலத் தவிர உள்ள ஒரு கீறல் கெடையாது. யாரு இன்ஜின் போச்சுன்னது?" என்றார்.

யார் சொன்னது சித்தப்பா? இன்ஜின் போகவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது? அப்பா சொல்ல மாட்டார். அம்மாவுக்குத் தெரியாது, அவள் தொண்ணூற்று நாலில்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அது தெரியாமல் அப்பாவை அந்த வண்டியில் ஏற்ற என்னால் முடியாது.

ஜோதிகா


வீடு
20.10.2024

சித்தப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கடிதத்தைச் செப்டம்பர் பதினான்காம் தேதி வாங்கிக்கொண்டதற்கு நீங்கள் போட்ட கையெழுத்து என்னிடம் இருக்கிறது. தபால்காரியிடம் கடிதம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்பாதுரை அண்ணன் சிலிண்டரைத் தேய்த்து, ஆயில் சீல்களையெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டார். பெட்ரோலில் ஆயில் கலந்தேன், இருபது மில்லி, மருந்து அளக்கிற மூடியால் அளந்தேன். இப்போது இரண்டாவது உதையில் எழுகிறது. கொட்டகையில் நிறுத்தி வைத்தே ஓட்டுகிறேன், வெளியே கொண்டுபோகவில்லை. பதினான்குக்கு மேல் முதல் கிலோமீட்டரை அப்பாதான் ஓட்ட வேண்டும் என்று வைராக்கியமாக இருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனம் வைத்தார், மாலை போட்டார். நான் சாவியை நீட்டினேன். "அப்பா, ஒரு ரவுண்டு" என்றேன். அவர் கை பாதி தூரம் வந்தது. பிறகு தார்ப்பாயை எடுத்து மூடப் போய்விட்டார். நான் தார்ப்பாயைப் பிடுங்கிக் கூரை மேல் வீசினேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு அம்மா படும் பாட்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

எழுதுவீர்களா, மாட்டீர்களா?

ஜோதிகா


அந்தமான்
5.11.2024

என் மகள் ஜோதிகாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன், எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா?

ஆயில் பற்றி எழுத மறந்தது எப்படி என்று கேட்டாய். பதினான்கு கிலோமீட்டர் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு என் கை என்னிடம் இல்லை. ஏதோ எழுதி ஒட்டி அனுப்பினேன். எழுபது கடிதமாவது எழுதிக் கிழித்திருப்பேன். இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணனுக்கு வேலை கிடைத்து எட்டு மாதம். காஞ்சிபுரத்தில் வண்டி எடுத்து, கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலையோடு கிளம்பினோம். அண்ணன் புதுச் சட்டை. வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார். நீ நம்ப மாட்டாய், உன் அப்பா நன்றாகப் பாடுவார். "நம்ப காலனி உள்ள நேரா போயி ஆரன் அடிக்கறன் பாரு, அம்மா அடுப்ப உட்டுட்டு ஓடிவரணும்" என்றார்.

காலனிக்குப் போக அப்போதும் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் யாரும் அந்தத் தெருவில் சைக்கிளைக்கூட மிதித்துப் போக மாட்டார்கள். தெருமுனையில் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், மறுமுனையில் ஏறிக்கொள்வார்கள். யாரும் எழுதி ஒட்டியதில்லை. நடக்கப் பழகியபோதே பழகியது. மோட்டார் வண்டிக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, அதுவரை அப்படி ஒன்று வந்ததே இல்லை.

தெருமுனைப் புளியமரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகக் கேள், ஜோதிகா. ஒருவரும் எழவில்லை. ஒருவரும் கையைக் காட்டவில்லை. ஒரு வார்த்தை, ஒரு இருமல்கூட இல்லை. சும்மா பார்த்தார்கள். நான் பின்சீட்டிலிருந்து இறங்கிவிட்டேன். இறங்கி, "எறங்குணா, பாத்துக்கினு இருக்காங்க" என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். இறங்கினார். அந்த மாலையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு தெரு முழுக்க நடந்தோம். உன் மீட்டரில் இருக்கும் பதினான்கில் கடைசிக் கால் கிலோமீட்டர் தள்ளிய கால் கிலோமீட்டர். மறுமுனை வந்தும் அவர் ஏறவில்லை. வீடுவரைக்கும் தள்ளினார். ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த அம்மா, "இன்னாடா, புது வண்டி வர வழியிலயே நின்னுடுச்சா?" என்று கேட்டாள். அண்ணன், "இன்ஜின் போச்சுமா" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவே இல்லை. மறுநாள் வேலைக்குச் சைக்கிளில் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். நாலு மாதத்தில் கப்பல் ஏறிவிட்டேன். அம்மா சாவுக்கு வந்தபோதுகூட மூன்றாம் நாளே கிளம்பிவிட்டேன்.

யாராவது மறித்திருந்தால் சண்டை போட்டிருப்போம், அடி வாங்கியிருப்போம், அண்ணன் மறுநாளும் ஓட்டியிருப்பார். யாரும் சொல்லாமலே நான் இறங்கினேன். நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அவர் போயிருப்பார். இதை அண்ணனிடம் காட்டாதே.

உன் சித்தப்பா,
கலியன்


வீடு
24.11.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்களுக்கும் சித்திக்கும் நலம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஆபீஸிலேயே பிரித்துவிட்டேன். படித்து முடித்துப் பையில் பத்திரமாக வைத்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அன்றைக்கு ஊர்த்தெருவுக்குத் தபாலே இல்லாதபோதும் அதன் வழியாக நடுரோட்டில் நடந்து போனேன், நடந்து வந்தேன். இரண்டு தடவை. எனக்கு அவ்வளவு கோபம்.

உங்கள்மேலும் கோபம்தான், மறைக்க மாட்டேன். இறங்கியதற்காக இல்லை. பத்தொன்பது வயதுப் பையன் பயந்ததற்கு யார் கோபப்படுவார்கள். அப்பாவை அந்த வண்டியோடு தனியாக விட்டுவிட்டுக் கப்பல் ஏறினீர்களே, அதற்குத்தான் கோபம்.

காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். காட்டிவிட்டேன். வேண்டுமென்றேதான் காட்டினேன். கடிதத்தைப் போய்ச் சேரவேண்டிய ஆளிடம் சேர்ப்பது என் வேலை. இது எனக்கு எழுதிய கடிதம் இல்லை, முப்பத்திரண்டு வருஷமாக அப்பாவுக்கு எழுத முடியாமல் என் பேருக்கு அனுப்பியது.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எழுந்து கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே போகப் பார்த்தேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து வந்தார். என்னோடு ஒரு மாதமாகப் பேசாத மனுஷன், "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்னிக்கி வரச் சொல்லியிருக்கான்?" என்று கேட்டார். டிசம்பர் ஒன்பது என்றேன். வண்டியின் பதிவைப் புதுப்பித்தால்தான் ரோட்டில் எடுக்க முடியும், அதற்காகக் காஞ்சிபுரத்துக்கு ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் போகப் போகிறோம்.

பிறகு, "எனக்கு ஒரு இன்லண்டு குடுமா" என்றார். கொடுத்தேன். இன்னும் எழுதவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார், மூடிவிடுகிறார். என்ன எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரியாது, சித்தப்பா. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மகள்,
ஜோதிகா


வீடு
10.12.2024

தம்பி கலியனுக்கு,

அண்ணன் வீரபத்திரன் எழுதுவது. நானும் அம்சவேணியும் பாப்பாவும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருக்க வேண்டும். கம்பம் ஏறி லைன் இழுத்த கைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

பாப்பாவுக்கு நீ எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். ஒன்று மட்டும் தப்பு.

நீ முதலில் இறங்கியதாக எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் இன்ஜினோடு இருந்தவன் கொஞ்சம் யோசித்துப் பார். ஓடுகிற வண்டியிலிருந்து நீ எப்படி இறங்கினாய்? குதிக்கவில்லை, விழவில்லை. காலைக் கீழே வைத்து இறங்கினாய். அப்படியென்றால் வண்டி நின்றிருந்தது. யார் நிறுத்தியது?

நான்தான். அந்த நாலு பேர் தலையும் தெரிந்ததும் என் வலது கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. நான் மிதிக்கச் சொல்லவில்லை. வண்டி நின்ற பிறகுதான் நீ இறங்கினாய். அண்ணன் நிறுத்திவிட்டான், இறங்க வேண்டும் போல என்று நீ இறங்கினாய். நான் திரும்பிப் பார்த்தது உன்மேல் கோபத்தில் இல்லை. நான் மிதித்ததை நீ பார்த்துவிட்டாயோ என்றுதான் பார்த்தேன். அம்மாவிடம் இன்ஜின் போச்சு என்று சொன்னதும் அதனால்தான். என் தம்பி முன்னால் என் கால் பயந்துவிட்டது, அதை எப்படிச் சொல்வது. நீ கப்பல் ஏறியபோது, என்னை மதிக்கப் பிடிக்காமல் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அறுபது வயதில் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு.

நேற்று வண்டியைக் காஞ்சிபுரம் கொண்டுபோனோம். சோதனை பண்ணுகிற ஆபீசர் மீட்டரைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாங்க, கண்காட்சியில வெச்சிருந்தீங்களா?" என்றார். பாப்பா, "எங்க அப்பா வெச்சிருந்தாரு சார்" என்றாள். பதிவுக்குக் கையெழுத்து ஆயிற்று. லைசென்ஸ் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். அதை மட்டும் நான் ஒரு தடவையும் காலாவதியாக விட்டதில்லை. ஓட்டாதவனுக்கு எதற்கு என்று அம்சவேணி சண்டை போடுவாள். எதற்கென்று எனக்கே தெரியாமல்தான் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

குட்டியானைக்காரன் திரும்ப ஏற்றலாமா என்று கேட்டான். நான் பாப்பாவிடம் சாவியைக் கேட்டேன். கேட்வாசலிலேயே இரண்டு தடவை நிறுத்திவிட்டேன், கிளட்ச் மறந்துபோய்விட்டது. பாப்பா சிரித்த சிரிப்பில் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஐயம்பேட்டை தாண்டியதும் பாட்டு வந்தது. சத்தமாகவே பாடினேன். பாப்பா முதுகில் தலையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஊர்த்தெரு. புளியமரம் இப்போது இல்லை, அந்த இடத்தில் பஸ் நிழற்குடை. நாலைந்து இளவட்டங்கள் போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். அன்றைக்கு மரத்தடியில் இருந்தவர்களில் ராஜவேலு மட்டும்தான் மிச்சம். கட்டையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வலது காலையே கவனித்துக்கொண்டு வந்தேன், கலியா. அது நகரவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. ராஜவேலு சத்தத்துக்குத் தலையைத் தூக்கி, "யாரு, வீரபத்திரனா? பழைய வண்டி எதனா வாங்கினியா?" என்றார். "இல்லீங்க, புது வண்டி. இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர்கூட ஓடல" என்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தவில்லை. மூன்றாம் கியரில் போனேன்.

காலனி உள்ளே நேராகப் போய் ஆரன் அடித்தேன். அம்சவேணி முட்டிவலியெல்லாம் மறந்து ஓடிவந்தாள்.

இன்றைக்குக் காலையில் பாப்பா தபால் பையை மாட்டிக்கொண்டு அதில்தான் வேலைக்குப் போனாள். அந்தத் தெருவில்தான் முதல் பட்டுவாடா. திரும்பி வரும்வரை நான் வாசலில் நின்றேன். பெருமையில்தான் நின்றேன், வேறு ஒன்றுமில்லை.

தை பிறப்பதற்குள் கிளம்பி வா. கப்பலோ பிளேனோ, எதிலாவது ஏறு. மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் வந்துவிடு. பஸ் ஸ்டாண்டு வாசலில் நான் வண்டியோடு நிற்பேன். பின்னால் உட்கார். நம் வீட்டு வாசல் வந்த பிறகுதான் நீ இறங்க வேண்டும்.

உன் அண்ணன்,
வீரபத்திரன்